கடையை மூடுங்கள், வாங்கியதை விட்டுவிடுங்கள்: கன்சோல் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம் கன்சோல்களைத் தயாரித்து அவற்றுக்கான ஆன்லைன் கடைகளையும் நடத்தும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், அந்தக் கடைகளில் சரக்கு வைக்கும் வெளியீட்டாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவருடைய வாடிக்கையாளர் சேவைப் பிரிவு சென்ற வாரம் எனக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியது. கார் பந்தய கேமுக்கான கூப்பன். நான் கேட்டதோ, காசு கொடுத்து வாங்கிய ஒரு சின்னத் திகில் கேமை மறுபடி பதிவிறக்கிக்கொள்ள வழி. நிறுவனத்தின் பெயரையும் கேமின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரைச் சுட்டினால் மற்றவர்கள் நமக்கில்லை என்று மடலை ஒதுக்கிவிடுவீர்கள்.

என் பழைய கன்சோலின் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனது. கடற்கரையை ஒட்டிய வீடு. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே தாக்குப்பிடிக்காத இடத்தில் டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது. சென்னை ரிச்சி தெருவில் புது டிஸ்க் மாற்றிக் கொடுத்தார்கள். பழையதில் மிச்சமிருப்பதை எடுத்து இதில் போட முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் கையை விரித்தார். அவர் மேல் தவறில்லை. அந்த ஒரு பெட்டியைத் தவிர வேறெதுவும் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டி வைத்திருப்பவர்கள் நீங்கள். போகட்டும், கணக்கில் இருக்குமே என்று வீட்டுக்கு வந்து உங்கள் கடையைத் திறந்தேன். வாங்கியவற்றின் பட்டியலில் கேமின் பெயர் இருந்தது. வாங்கிய தேதி இருந்தது. கட்டிய தொகை, அதன்மேல் போட்ட வரி, எல்லாம் பைசா சுத்தமாக இருந்தன. பதிவிறக்கும் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், இந்த உள்ளடக்கம் கிடைக்கவில்லை என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. கடையிலிருந்து கேமை எடுத்தபோது என் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ரசீதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றைத்தான். ஒரு கேமின் விற்பனையை நிறுத்துங்கள், அது உங்கள் உரிமை. ஏற்கெனவே விற்றதை வாங்கியவரிடமிருந்து பறிக்காதீர்கள்.

இந்தத் தொல்லை எல்லா வகை கேம்களுக்கும் உண்டு என்றாலும், திகில் கேம்களுக்கு அதிகம். காரணம் உங்களுக்கே தெரியும். கால்பந்து கேம் ஆண்டுக்கு ஒன்று வரும். பழையது போனால் அழுவார் குறைவு. திகில் கேம் பெரும்பாலும் சின்னக் குழுவின் வேலை. இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். டிஸ்க் அச்சடித்துப் பெட்டியில் போட்டு விற்கக் கட்டுப்படியாகாது. ஆகவே பிறக்கும்போதே பதிவிறக்க வடிவில் மட்டும் பிறக்கிறது. சர்வரில் ஒரு கோப்பை நீக்கினால் அதோடு அதன் கதை முடிந்தது.

அந்தக் கேம்களில் பேய் வந்து நிற்பது ஒரு நொடிதான். மீதி நேரமெல்லாம் வராத பேய்க்காகக் காத்திருப்பது. 2009இல் நின்டெண்டோ நிறுவனத்தின் வீ கன்சோலுக்குப் பதிவிறக்க வடிவில் வந்த 'லிட்' என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். இருண்ட பள்ளிக்கூடம். இருட்டில் கால் வைத்தால் சாவு. மேசை விளக்கைப் போட்டும் ஜன்னலை உடைத்தும் விழுகிற வெளிச்சத்தில் மட்டுமே நடந்து கதவுக்குப் போக வேண்டும். பேராசைப்பட்டு எல்லா விளக்கையும் போட்டால் ஃபியூஸ் போய்விடும். நடுவில் தொலைபேசி ஒலிக்கும். கையிலிருக்கும் ரிமோட்டின் சின்ன ஒலிபெருக்கியிலிருந்தே குரல் வரும். தொலைக்காட்சியில் கேட்கும் சத்தம் வேறு, உள்ளங்கையில் அதிரும் குரல் வேறு. வீ கடை 2019 ஜனவரி 30 அன்று மூடப்பட்டது. அந்த வடிவத்தை இனி புதிதாக ஒருவரும் காசு கொடுத்து வாங்க முடியாது.

பெரிய பட்ஜெட் கேம்களும் தப்பவில்லை. அதே நிறுவனத்தின் அடுத்த கன்சோலான வீ யூவுக்கு வந்த 'ஃபேட்டல் ஃபிரேம்: மெய்டன் ஆஃப் பிளாக் வாட்டர்' ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் டிஸ்க்காகக் கிடைத்தது. வட அமெரிக்காவில் 2015 அக்டோபரில் பதிவிறக்கமாக மட்டுமே வெளியானது. ஆவிகளைப் படம்பிடித்து விரட்டும் கேம் அது. திரை பொருத்திய கன்ட்ரோலரையே கேமராவாக முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, எழுந்து நின்று, திரும்பித் திரும்பித் தேடலாம். கையிலுள்ள திரையில் ஈரக்கூந்தலோடு ஒரு பெண் நிற்பாள். 2021இல் வேறு கன்சோல்களுக்கு மறுவெளியீடு வந்தது, மகிழ்ச்சி. அந்த இரட்டைத் திரை அனுபவம் வீ யூவோடு கட்டுண்டது. வீ யூ கடையில் புதிதாக வாங்குவது 2023 மார்ச் 27 அன்று நின்றது. முன்பே வாங்கியவர்கள் மறுபடி பதிவிறக்கிக்கொள்ள நின்டெண்டோ அனுமதித்திருக்கிறது. அதற்கு நன்றி. எதுவரை என்பதற்குத் தேதியையும் சொல்லியிருந்தால் நன்றியை இன்னும் நிம்மதியாகச் சொல்லியிருப்பேன்.

'பி.டி.' என்ற திகில் கேம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பழக்கத்துக்குப் பெரிய முன்மாதிரி அதுதான். 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4 கடையில், யாரும் கேள்விப்படாத ஒரு ஸ்டுடியோவின் பெயரில் இலவசமாக வந்தது. ஒரே நடைக்கூடம். கதவைத் திறந்து போனால் மறுபடி அதே நடைக்கூடம். கடிகாரத்தில் 23:59. வானொலியில் ஒரு குடும்பக் கொலைச் செய்தி. ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒன்று சிறிதாக மாறியிருக்கும். பூட்டியிருந்த குளியலறைக் கதவு இந்த முறை ஒருக்களித்துத் திறந்திருக்கும். உள்ளே போகலாமா என்ற யோசனையிலேயே கை வியர்த்துவிடும். கடைசிப் புதிரை உலகெங்கும் இருந்த ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் துப்புச் சொல்லி அவிழ்த்தார்கள். கேம் இயக்குநர் ஹிடேயோ கோஜிமாவும் திரைப்பட இயக்குநர் கில்லெர்மோ டெல் டோரோவும் சேர்ந்து உருவாக்கவிருந்த 'சைலன்ட் ஹில்ஸ்' என்ற கேமின் முன்னோட்டம் அது என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்தப் பெரிய கேமை அதன் வெளியீட்டு நிறுவனமான கொனாமி கைவிட்டது. 2015 ஏப்ரல் இறுதியில் முன்னோட்டமும் கடையிலிருந்து போனது. சில நாட்களில், ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தவர்கள் மறுபடி பதிவிறக்கும் வழியும் அடைபட்டது.

இலவசமாகக் கொடுத்ததுதானே என்பீர்கள். நியாயம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள். அந்தக் கேம் உள்ளே இருக்கும் பழைய கன்சோலுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் விலை போட்டு விளம்பரங்கள் வந்தன. புது பிளேஸ்டேஷன் 5க்கு மாற்றிக்கொள்ளலாம் என்றால் அதுவும் தடுக்கப்பட்டது. இலவசப் பொருளில் நடந்த இந்த ஒத்திகைதான் இப்போது காசு கொடுத்து வாங்கியவர்கள் மேல் அரங்கேறுகிறது.

நான் எழுத வந்த கஷ்டமே இதுதான். ஒரு கேம் கடையிலிருந்து போய்விட்டது என்று தெரிந்த நாளிலிருந்து, அது உள்ளே இருக்கும் கன்சோல் விளையாட்டுச் சாதனமாக இருப்பதில்லை. வீட்டில் படுத்திருக்கும் முதியவரைப் போல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. விசிறியின் சத்தம் கூடினால் திக்கென்கிறது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் மனது அடித்துக்கொள்கிறது. மென்பொருள் புதுப்பிப்பு வந்திருக்கிறது, நிறுவட்டுமா என்று திரை கேட்டால் பதில் சொல்லத் தயக்கம். புதுப்பித்தால் என்ன போகுமோ, புதுப்பிக்காவிட்டால் எந்தக் கதவு சாத்தப்படுமோ. பழுது பார்க்க உங்களிடமே அனுப்பலாம் என்றால், உள்ளே இருப்பவை அழிக்கப்படலாம், அதற்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறீர்கள். நண்பர் மகன் வந்து விளையாடட்டுமா என்று கேட்டால், முகம் கோணாமல் வேறு கேமைக் காட்டுகிறேன். பயந்து ரசிக்க வாங்கிய பொருளை, இழந்துவிடுவோமோ என்ற வேறு பயத்தோடு வைத்திருக்கிறோம். அந்தப் பயத்தை நாங்கள் கேட்டு வாங்கவில்லை.

உங்கள் தரப்புக் காரணங்களும் தெரியும். பாடல் உரிமம் காலாவதியாகும். வெளியீட்டாளரோடு போட்ட ஒப்பந்தம் முடியும். ஸ்டுடியோவை இழுத்து மூடுவார்கள். உரிமை யாரிடம் போனது என்று வழக்கறிஞருக்கே தெரியாது. இவையெல்லாம் புதிதாக விற்காமல் இருப்பதற்குப் போதுமான காரணங்கள். விற்று முடித்ததைத் திரும்பப் பிடுங்க இவற்றில் ஒன்றும் போதாது. இனி செய்யும் ஒப்பந்தங்களில், முன்பே வாங்கியவர்களுக்குப் பதிவிறக்கம் தொடரும் என்று ஒரு வரி சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். அந்த வரியை எழுதுவதற்கு வழக்கறிஞர்களுக்குப் பஞ்சமுள்ளவர்கள் அல்லர் நீங்கள்.

பழைய கடைகளை நடத்துவது செலவு என்பதையும் கேட்டிருக்கிறோம். 2021 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3, கையடக்க வீட்டா ஆகிய கன்சோல்களின் கடைகளை மூடப்போவதாக சோனி அறிவித்தது. ஆட்டக்காரர்கள் கூக்குரலிட்டார்கள். ஏப்ரல் 19 அன்று அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்கள். மார்ச்சில் முடியாமல் இருந்தது ஏப்ரலில் முடிந்தது. மனம் வைத்தால் நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. அந்தச் சாட்சியைக் கொடுத்ததற்காக அவர்களுக்கு உண்மையாகவே மரியாதை உண்டு.

ஆனால் போக்கு எந்தத் திசையில் இருக்கிறது? 'ஆலன் வேக் 2' என்ற பெரிய திகில் கேம் 2023 அக்டோபரில் டிஸ்க் இல்லாமல் வெளிவந்தது. ஓராண்டு கழித்துத்தான் டிஸ்க் வந்தது. பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிஸ்க் டிரைவ் இல்லை. வேண்டுமானால் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு விற்கும் கேம்களில் ஒரு வகையின் கார்ட்ரிட்ஜுக்குள் கேமே இல்லை. பதிவிறக்க அனுமதிக்கும் சாவி மட்டும் இருக்கிறது. பெட்டி உண்டு, அட்டைப்படம் உண்டு, அலமாரியில் வைத்தால் அழகாகவும் இருக்கும். உள்ளே சரக்குதான் இல்லை. ஆண்டுதோறும் அக்டோபர் வந்தால் பூசணிக்காய்ப் படம் போட்டுத் திகில் தள்ளுபடி விழா வேறு நடத்துகிறீர்கள். பேய்களை மலிவு விலையில் விற்கும் அக்கறை, விற்ற பேயைக் காப்பாற்றுவதிலும் இருந்தால் நன்றாக இருக்கும்.

நூலகமாவது காப்பாற்றட்டும் என்றால் அதற்கும் வழிவிட மறுக்கிறீர்கள். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் விற்பனையில் இல்லை என்று, பழைய கேம்களைப் பாதுகாக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023இல் ஆய்வு செய்து சொன்னது. ஆய்வாளர்கள் நூலகங்களிலுள்ள பழைய கேம்களைத் தொலைவிலிருந்து அணுக அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை உங்கள் நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமும் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. நீங்களும் விற்க மாட்டீர்கள், வாங்கியவனும் வைத்திருக்கக் கூடாது, நூலகமும் கொடுக்கக் கூடாது. பிறகு ஒரு கேம் எங்கேதான் இருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம்?

மன்னிக்கவும். கோரிக்கை வைக்க வந்தவன் குரலை உயர்த்தக் கூடாது.

தயவுசெய்து, விற்றதைப் பறிக்காதீர்கள். ஒரு கேம் கடையிலிருந்து போகப்போகிறது என்றால், வாங்கிய ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சலில் முன்கூட்டியே, தேதியோடு தெரிவியுங்கள். சர்வரையே அணைக்க வேண்டிய நாள் வந்தால், இணைய அனுமதி கேட்காமல் ஓடும் ஒரு பிரதியை வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொள்ளவும், அதே கணக்கில் வேறொரு கன்சோலில் போட்டுக்கொள்ளவும் வழிசெய்யுங்கள். கணினி கேம்களை விற்கும் ஜிஓஜி நிறுவனம் வாங்கியவர் தன்னிடமே வைத்துக்கொள்ளும் நிறுவல் கோப்பைக் கொடுத்துக்கொண்டுதான் வியாபாரம் செய்கிறது. அது திவாலாகிவிடவில்லை. திருட்டுப் பிரதி பெருகும் என்று அஞ்சுகிறீர்கள் என்றால், கடையில் இல்லாத கேமைத் தேடுகிறவனை அந்தப் பக்கம் அனுப்புவது யார் என்று உங்களுக்குள் ஒரு கூட்டம் போட்டுப் பேசிப் பாருங்கள்.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும்போது வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. சட்டம் சொல்லிவிட்டது, நாங்களும் சிறு எழுத்தில் போட்டுவிட்டோம் என்று இதில் திருப்தி அடைந்துவிடாதீர்கள். பறிப்போம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பறிப்பதை நாங்கள் கேட்கவில்லை. பறிக்காமல் இருப்பதைக் கேட்கிறோம்.

என் கணக்கில் சாம்பல் நிறத்தில் கிடக்கும் அந்த ஒரு பெயரை மறுபடி பதிவிறக்கத் தக்கதாக மாற்றினால் எனக்குப் போதும். எல்லோருடைய பட்டியலிலும் மாற்றினால் இன்னும் நல்லது. முடியும் அல்லது முடியாது என்று எதுவானாலும், காரணத்தோடு எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் வாடிக்கையாளராகவே இருக்கும் ஒருவன்

பி.கு.: பதிலை ஒரு மனிதர் எழுதினால் நல்லது. உங்கள் தளத்தின் தானியங்கி உதவியாளரிடம் கேட்டபோது, கன்சோலை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கச் சொன்னது.