தண்ணீரிடமிருந்து எதை எடுக்கிறோம்? அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நீர்மின் நிலையம் ஒன்றில் பல ஆண்டுகள் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சுற்றிப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்று உண்டு: “கரண்ட் எடுத்த அப்புறம் தண்ணியில சத்து இருக்குமா சார்?” அணை, டர்பைன், ஜெனரேட்டர் என்று அம்புக்குறி போட்ட படத்தை மட்டும் பார்த்த பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்?

நாம் தண்ணீரிடமிருந்து எடுப்பது அதன் உயரத்தை. விநாடிக்கு ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு மீட்டர் இறங்கினால் அதில் சுமார் 10 கிலோவாட் இருக்கிறது. நல்ல இயந்திரங்கள் அதில் பத்தில் ஒன்பது பங்கை மின்சாரமாக்கிவிடும். உயரம் கூடினால் குறைந்த தண்ணீரே போதும். 1932இல் நீலகிரி மாவட்டத்துச் சிங்காராவில் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்துக்குத் தண்ணீர் ஏறக்குறைய 3000 அடி இறங்கி வருகிறது. நாசில் என்ற குறுகிய குழாய் முனையிலிருந்து மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் பீறிட்டு, பெல்டன் சக்கரம் என்ற டர்பைனின் கிண்ணங்களில் அடிக்கும். மேட்டூரில் அந்த உயரம் இல்லை. அங்கே சுரங்க மின்நிலையத்தின் 200 மெகாவாட்டையும் முழுசாக எடுக்க விநாடிக்குப் பல ஆயிரம் கன அடி திறந்துவிட வேண்டும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

சரி, சக்கரம் சுற்றுகிறது. அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சைக்கிள் டைனமோவை டயரில் சாய்த்து விளக்கை எரியவிட்டால் பெடல் கனக்கும் அல்லவா? ஜெனரேட்டரும் அப்படித்தான். உள்ளே சுழலும் காந்தம் சுற்றிலும் உள்ள கம்பிச்சுருள்களில் மின்சாரத்தை உண்டாக்கும். அந்த மின்சாரமே திரும்பக் காந்தத்தைப் பிடித்து இழுக்கும். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது அந்த இழுப்பு கூடி, சுழலும் வேகம் ஒரு துளி குறையும். விநாடிக்கு 50 அலை என்ற மின்சாரத்தின் அலைவெண்ணும் கொஞ்சம் இறங்கும். கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உடனே அதை உணர்ந்து கூடுதல் தண்ணீரைத் திறக்கும். ஒரு வீட்டில் போட்ட ஸ்விட்ச்சின் பாரத்தை எங்கோ மலையடிவாரத்தில் தண்ணீர் சுமக்கிறது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

தண்ணீருக்கு ஒன்றும் ஆவதில்லை. பைக்காராவில் வேலை முடித்த நீரே மோயாறு மின்நிலையத்தில் மறுபடி டர்பைனைச் சுற்றி, பவானிசாகர் போய், வயலுக்கும் பாய்கிறது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்தப் பாடத்துக்கு முன்னால் வகுப்புக்கு ஒரு பழைய டைனமோவைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் சுற்றட்டும், முதலில் விளக்கில்லாமல், பிறகு விளக்கோடு. பழைய இரும்புக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற மின்நிலைய ஊழியர்