கருணைக்குப் புளி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊருக்கு ஊர் மாறும் சாப்பாட்டு ருசி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆட்டுக்குடல், ரத்தப் பொரியல், சுவரொட்டி, பிரண்டை, கருணைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, பழகாதவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்திலேயே ஒரு பெட்டியில் கருணைக்கிழங்கு மசியல் செய்முறை. அதில் புளியும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை. என் மருமகள் அதைப் பார்த்து அப்படியே செய்துவிட்டாள். அன்றைக்கு நான் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மகன், மருமகள், பேரன் மூன்று பேரும் தொண்டையைச் செருமிக்கொண்டு மோர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். பேரன் இனிமேல் கருணையைத் தொடமாட்டானாம். அவனைப் பழகாதவன் என்று சொல்ல முடியாது. போன பொங்கலுக்கு என் கையால் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன்.

முதலில் எந்தக் கருணை என்று சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் கருணை என்றால் பிடிகருணை, கைப்பிடிக்குள் அடங்குகிற சின்னக் கிழங்கு. யானைப் பாதம் மாதிரி இருப்பது சேனை. வேறு சில ஊர்களில் சேனையையே கருணை என்கிறார்கள். இரண்டுமே காறும், ஆனால் பிடிகருணை காறுகிற காறல் தனி. கிழங்குக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது, அதுதான் தொண்டையில் குத்துகிறது. புளி அதை அடக்கும். தோண்டின கையோடு சமைக்காமல் ஒரு மூலையில் போட்டு வைத்துப் பழசான கிழங்கு அவ்வளவாகக் காறாது. அரிசி களைந்த தண்ணீரில் தோலோடு வேகவைத்து அப்புறம் உரிப்போம். இதெல்லாம் தெரியாமல் செய்தால் யார் வீட்டிலும் முகம் சுளிக்கத்தான் செய்யும்.

குடலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அப்பா கடையிலிருந்து குடலைக் கொண்டுவந்து போட்டால், அம்மா அதை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள். கொல்லையில் கிணற்றடிதான். இரைப்பையை வெந்நீரில் முக்கிச் சுண்ணாம்பு தடவிக் கொஞ்ச நேரம் வைத்துச் சுரண்டினால் மேலே இருக்கிற கறுப்பு சுருள் சுருளாக வந்துவிடும். உள்ளே பூத்துவாலை மாதிரி வெள்ளையாகத் தெரியும். சிறுகுடலின் ஒரு நுனியை மடித்து, அதில் தென்னை ஈர்க்கைக் கொடுத்து மெதுவாகத் தள்ளிக்கொண்டே போவாள். முழுக் குடலும் உள்பக்கம் வெளியே வந்துவிடும், பாவாடை நாடாவைக் கோத்து இழுக்கிற மாதிரி. பிறகு கல் உப்பு, மஞ்சள், அலசல். எத்தனை தடவை அலச வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். "தண்ணி தெளிஞ்சி, மோந்து பாத்தா மஞ்சள் வாசனை மட்டும் வரணும். அதுவரைக்கும்" என்றாள். அடுப்பில் வேலை அரைமணிதான். கடலைப்பருப்பு போட்டு, தேங்காய், சோம்பு, கசகசா அரைத்து ஊற்றி இறக்கிவிடுவாள். கிணற்றடியில் போனது இரண்டு மணி நேரம். சென்னையில் இதே குடலைப் போட்டி என்று கேட்டு வாங்குகிறார்கள். பெயர் மாறினாலும் கழுவாமல் சாப்பிட முடியாது.

சுவரொட்டிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. மண்ணீரலைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். தணலில் சுட்டு மிளகும் உப்பும் தூவினால் போதும். வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால் அது அவளுக்கு, மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

குடலை ஏழைகளின் கறி என்று கட்டுரையில் ஓர் இடத்தில் இருந்தது. விலை மலிவு என்பது உண்மை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு யார் விலை போட்டார்கள்? இப்போது வாங்காதவர்களில் பாதிப்பேர் அருவருப்பால் வாங்காமல் இல்லை. கிணற்றடியும் இல்லை, உட்கார நேரமும் இல்லை. வாழைப்பூவுக்கும் அதே கதிதான். திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு பக்கம் வாழைக்குப் பஞ்சமே கிடையாது, ஆனாலும் பூவை வாங்கி, ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கிற வேகாத நரம்பை, அதாவது கள்ளனை, எடுக்க ஆள் இல்லை. தண்டை நறுக்கும்போது நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுப்பதை என் மருமகள் கல்யாணத்துக்குப் பிறகுதான் பார்த்தாள். இப்போது என்னைவிட வேகமாகச் செய்கிறாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிரண்டை விஷயம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துத் தெரு மாமி. கறி வாசனையே ஆகாது அவருக்கு. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இளசாகப் பார்த்துக் கணுவைத் தள்ளி நறுக்கி, நிறம் மாறுகிற வரை வதக்கிப் புளி வைத்து அரைக்க வேண்டும் என்றார். இங்கேயும் அரிப்பு, இங்கேயும் புளி! அவர்கள் வீட்டுத் திவசத்துக்கு உருளை, கோஸ், தக்காளி என்று வெளிநாட்டிலிருந்து வந்த காய் எதுவும் ஆகாது. அந்தச் சமையலில் பாகற்காய் நூறு காய்க்குச் சமம், பிரண்டை முந்நூறு, பலா அறுநூறு என்று கணக்குச் சொல்வார். நீங்கள் முகம் சுளிக்கும் பட்டியலில் போட்டிருப்பது அங்கே முந்நூறு மார்க் வாங்குகிறது. கோலத்துச் சாணிப் பிள்ளையாருக்கு மார்கழியில் பூ வைக்கிறோமே, அந்தப் பரங்கியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கொடிதான். பறங்கியர் பெயரே அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் அதை அந்நியக் காய் என்று நினைப்பதில்லை.

வெள்ளைக்காரர்கள் இதையெல்லாம் சாப்பிடமாட்டார்கள் என்ற தொனியும் தெரிந்தது. ஸ்காட்லாந்தில் ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலைக் கொத்தி, ஓட்ஸ் கலந்து, ஆட்டு இரைப்பைக்குள் திணித்து வேகவைக்கிறார்கள். ஹேகிஸ் என்று பெயர், ஜனவரி 25ஆம் தேதி அவர்கள் கவிஞர் ஒருவர் பிறந்தநாள் விருந்தில் அதற்குத்தான் முதல் மரியாதை. அமெரிக்காவிலோ 1971இலேயே நுரையீரலை உணவாக விற்கத் தடை போட்டுவிட்டார்கள். நம் கடையில் ஈரல் கேட்டால் கூடவே ஒரு துண்டு நுரையீரலையும் தள்ளிவிடுவார்கள். வேண்டாமென்றால் கடைக்காரருக்குக் கோபம் வரும்.

வயல் நத்தையையும் ஆராக்கீரையையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். ஆற்றில் தண்ணீர் வந்து நடவு முடிந்தால் வரப்போரம் இரண்டும் கிடைக்கும். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடித்த வயலில் எடுக்க இப்போது எனக்கே பயமாக இருக்கிறது.

சரி, கடிதம் நீண்டுவிட்டது. அடுத்த இதழில் மசியல் செய்முறையைத் திருத்திப் போடுங்கள். அரைக்கிலோ பிடிகருணைக்கு எலுமிச்சம்பழ அளவு புளி. கிழங்கை மசித்துப் புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டு, வெந்த துவரம்பருப்பு ஒரு கரண்டி, இஞ்சி, பச்சைமிளகாய் சேர்க்க வேண்டும். புளி பச்சை வாசனை போனபிறகுதான் இறக்க வேண்டும். என் பேரனுக்குப் படிக்கக் காட்ட அச்சில் வேண்டும், நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.