அம்மா கையெழுத்து எந்தக் கையில்?

அன்புள்ள தோழிக்கு,

நலம். நீயும் உங்க அப்பாவும் நலம்தானே? உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நைட் டூட்டி முடிந்து வந்தவள், குளிக்கக்கூடப் போகாமல் வாசல் படியிலேயே உட்கார்ந்து படித்தேன். போனில் பேசினால் ரெண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். அதனால் நானும் பேனாவை எடுத்துவிட்டேன்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கட்டிலில் இருந்தபடியே காலண்டரில் ராகுகாலம் வாசித்துச் சொல்கிறார். தம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. நீ இல்லாமல் இது ரெண்டாவது சீசன்.

இனி உன் விஷயம். அஞ்சாம் வகுப்பு ரேங்க் கார்டில் உங்க அம்மா போட்ட கையெழுத்தை வலது மணிக்கட்டில் அப்படியே பச்சை குத்தட்டுமா, மத்தியப் படை எஸ்.ஐ. பரீட்சைக்குப் படிக்கிறேனே, அது வேலையைக் கெடுத்துவிடுமா என்று கேட்டிருக்கிறாய். குத்திக்கோ ஏட்டி. ஆனால் வலது கை வேண்டாம்.

வலது கை சல்யூட் அடிக்கிற கை. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். மாதிரி படைகளுக்கான மருத்துவத் தேர்வில் இதற்கென்றே விதி இருக்கிறது. மதச் சின்னம், உருவம், பெயர் இவற்றைப் பச்சை குத்தியிருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். இடம்தான் கணக்கு. இடது முன்கையின் உள்பக்கம் இருக்கலாம், இல்லையென்றால் புறங்கையில் இருக்கலாம். அளவும் அந்தப் பகுதியில் கால்வாசிக்குள் அடங்க வேண்டும். அம்மா கையெழுத்து என்பது அம்மா பெயர்தானே, அதற்கு இடம் உண்டு. அறிவிப்பு வந்ததும் மருத்துவத் தகுதி என்கிற பகுதியை ஒரு வரி விடாமல் படி. எல்லோரும் பாடத்திட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு அதைத் தள்ளிவிடுகிறார்கள். விமானப் பணிப்பெண் ஆசை உனக்கு இன்னும் மிச்சமிருந்தால் மட்டும் யோசி. யூனிஃபார்முக்கு வெளியே தெரிகிற பச்சையை அங்கே பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை.

என் கையில் பச்சை குத்தியிருக்கிற கோலம் உனக்குத் தெரியும். ஆச்சி கையில் இருந்த அதே கோலம். ஆச்சி படுக்கையில் இருந்தபோது டிரேசிங் பேப்பரை அவள் முன்கைமேல் வைத்து நானே வரைந்து எடுத்தது. சின்ன வயசில் ஊருக்கு வந்த குறத்தியிடம் அவள் குத்திக்கொண்டது அது. ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்தி, கரியையும் பச்சிலைச் சாறையும் தேய்த்துவிட்டார்களாம். கூலி ஒரு படி நெல். "செத்தா நகையெல்லாம் கழத்திருவாக, இது ஒண்ணுதான் கூட வரும்" என்று தடவித் தடவிச் சொல்வாள்.

ஆனால் வேலைக்குப் போனபோது என்ன செய்தேன் என்பதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. முதலில் போன ஆஸ்பத்திரியில், "இதை அழிக்க முடியுமா?" என்று கேட்டார்கள். முடியாது என்றேன். அப்புறம் அங்கிருந்து அழைப்பே வரவில்லை. அதனால்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த இன்டர்வியூவுக்குப் போகும்போது கல்யாணப் பெண்ணுக்குப் போடுகிற கிரீமை வாங்கி, கோலத்தின்மேல் அப்பி, பவுடர் போட்டு மறைத்துக்கொண்டு போனேன். வேலை கிடைத்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது வேர்வையில் கிரீம் வழிந்து கோலம் எட்டிப் பார்த்தது. ஆச்சியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு விருந்தாளியிடம் யாருமில்லை என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. அன்றைக்கு அழுத அழுகையை ஆச்சி செத்தபோதுகூட அழவில்லை.

வார்டில் மறைக்கவும் வழியில்லை. முழங்கைக்குக் கீழே வாட்ச், வளையல் எதுவும் கூடாது, கை கழுவ வேண்டும். முதல் நாளே மேட்ரன் பார்த்துவிட்டார். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாசம் கழித்து, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி அட்மிட் ஆனாள். முன்கை முழுக்கப் பச்சை. டிரிப்ஸ் ஏற்றுகிற ஊசி, வென்ஃப்ளான், போட நரம்பு தேடினால் அந்தக் கறுப்புக்கடியில் எதுவுமே தெரியவில்லை. விரலால் தடவித் தடவித்தான் பிடித்தேன். அந்த நேரம் முழுக்கப் பாட்டி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி ஏறியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. "இது எங்கூருக் கோலம்லா! ஒனக்கு யாரு குத்தினா?" என்றாள். டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் வேறு யாரையும் ஊசி போட விடவில்லை.

உன் தாத்தா தோளில் அண்ணா உருவத்தோடு கட்சிக்கொடி இருக்குமே, எம்.ஜி.ஆர். கட்சிக்காரர்களைக் குத்திக்கொள்ளச் சொன்ன காலத்தில் குத்தியது. அதை வைத்து அவரை ஒரு வயலிலும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நாம்தான் கையைக் காட்டி வேலை கேட்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் அழித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில் மட்டும் குத்தாதே. எங்கள் தோல் ஓ.பி.யில் லேசருக்கு வருகிற பையன்களைப் பார்க்கிறேன். பாதிப்பேருக்கு வலது கைதான். லேசர் மையைப் பொடியாக்கும், அந்தப் பொடியை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்த வேண்டும். அதனால் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் ஆறு வாரம், எட்டு வாரம் விடுவார்கள். அப்படிப் பல தடவை போக வேண்டும். கறுப்பு சீக்கிரம் போகும், பச்சையும் மஞ்சளும் லேசில் போகாது. நம் நிறத்துக்கு அந்த இடம் வெளுத்துப் போகவும் வாய்ப்புண்டு. உடல்தகுதித் தேர்வுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது ஓடி வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இன்னொன்று. காது மேல்மடலில் ரெண்டாவது ஓட்டை போட்டபோது உனக்குக் கட்டி மாதிரித் தடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அதுதான் வேலையைவிடப் பெரிய கவலை. அந்த மாதிரித் தோலுக்குப் பச்சை குத்திய கோடும் தடித்துக்கொள்ளலாம். முதலில் தோல் டாக்டரிடம் காதைக் காட்டு. அவர் சரி என்றால் மட்டும் போ. குத்துகிறவர் புது ஊசியை உன் கண் முன்னால் பிரிக்க வேண்டும், மையைச் சின்னக் கிண்ணத்தில் உனக்கென்று தனியாக ஊற்ற வேண்டும். மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, அதுதான் ஹெபடைட்டிஸ் பி, போடாமல் இருந்தால் அதை முடித்துக்கொள். குத்தியபின் ஒரு வருஷத்துக்கு ரத்தம் கொடுக்க முடியாது. நீ ஒரு முகாம் விடாதவள், அதனால் குத்துவதற்கு முன்னால் ஒரு தடவை கொடுத்துவிடு.

எழுத்தை ரேங்க் கார்டில் இருக்கிற அளவிலேயே வைக்க வேண்டாம். வருஷம் போகப் போக மை லேசாகப் பரவும். உங்க அம்மா பெயர் "ம்மாள்" என்று முடிகிறது, சின்னதாகக் குத்தினால் அந்தச் சுழியெல்லாம் அடைத்துப் போகும். கொஞ்சம் பெரிசாக்கு, கால்வாசிக்குள் நிற்கட்டும்.

ரேங்க் கார்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. டிரேசிங் பேப்பரில் மூணு அளவில் வரைந்து தருகிறேன். ஒவ்வொன்றையும் பேனாவால் இடது கையில் போட்டு ஒரு வாரம் வைத்துப் பார். ஆச்சி கையிலிருந்து எடுத்த அந்தப் பேப்பரின் நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், மடிப்பில் கிழியாமல் பிரி.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி