மாப்ளே, அந்தக் குப்பைமேனி விஷயம்

மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம், உன் முழங்கால் எப்படி? பொங்கலுக்கு அப்புறம் நான் ஒரு வரி எழுதவில்லை என்று கட்டையனிடம் புலம்பினாயாம். நீ மட்டும் வாராவாரம் எழுதிக் கிழித்தாயாக்கும்! சரி விடு, சண்டையைச் சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது வைத்துக்கொள்வோம்.

குரூப்பில் நீ போட்ட வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். குப்பைமேனிக்கு இப்படி ஒரு ரசிகன் திருப்பூரில் உட்கார்ந்திருப்பது அந்தச் செடிக்கே தெரியாது. இலையைக் கல்லுப்போடு அரைத்துப் பூசிக் குளித்தால் சொறி சிரங்கு போகும் என்றாய், ஒத்துக்கொள்கிறேன், எங்கள் ஆத்தா நம் ரெண்டு பேரையும் வாய்க்கால் கரையில் நிறுத்திப் பூசிவிட்டதும் எரிச்சல் தாங்காமல் நீ ஓடிய ஓட்டத்தைச் சோழவந்தானே பார்த்தது. ஆனால் வேர் கதைக்கு வந்தாய் பார், அங்கேதான் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் மஞ்சள் நூலில் காப்புக் கட்டி, சாப நிவர்த்தி சொல்லி, இரும்பு படாமல், ஆணிவேர் அறாமல் பிடுங்கித் தாயத்தில் அடைத்தால் வசியமாம். டேய், நாகமலை அடிவாரத்தில் அதையெல்லாம் செய்துவிட்டு வந்தவன்தானே நீ, கடைசியில் வசியமானது யார் என்று குரூப்பில் சொல்லட்டுமா? பூனை விஷயம் மட்டும் நிஜம். புதிதாகப் பிடுங்கிய வேரின் வாசனைக்குப் பூனை சொக்கிப்போய்ப் புரளும். அதனால்தான் மார்ஜால மோகினி என்று ஒரு பேரும் அதற்கு இருக்கிறது. பூனை மயங்கினால் பெண்ணும் மயங்குவாள் என்று யாரோ ஒரு புண்ணியவான் கணக்குப் போட்டிருக்கிறான்.

அதெல்லாம் போகட்டும். கடைசியில், வயிற்றுப் பூச்சிக்குப் பிள்ளைகளுக்குக் குப்பைமேனிச் சாறு கொடுங்கள், மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

தங்கச்சி பேரனுக்குப் பெரியத்தை அதே சாற்றைப் பிழிந்து கொடுத்திருக்கிறாள். உன் பேச்சைக் கேட்டு இல்லை, பயப்படாதே, அவள் போனையே தொடமாட்டாள். பையன் அப்படியே வெளுத்துச் சுருண்டுவிட்டான். மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. கண் மஞ்சளாக இருந்ததால் காமாலை என்று முடிவுகட்டி, பெரியத்தை கீழாநெல்லி பிடுங்க வரப்புக்குப் போய்விட்டாள்! தங்கச்சி மகள்தான் யார் சொன்னதையும் கேட்காமல் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ரத்தம் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. இப்போது தேறிவிட்டான், மாப்ளே, ஆனால் அந்த ராத்திரியை நினைத்தால் எனக்கு இன்னும் சோறு இறங்கவில்லை.

டாக்டரம்மா சொன்னதைச் சொல்கிறேன். ரத்தச் சிவப்பணுவைக் காப்பாற்ற ஜி6பிடி என்று ஒரு நொதி உண்டாம், சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு. தாய் வழியாக வருவது, படுத்துவது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளை. மற்ற நாளில் ஒன்றும் தெரியாது, ஓடி ஆடித் திரிவான். ஆகாதது உள்ளே போனால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும், அந்தச் சாயம்தான் மூத்திரத்தில் போவது. மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாகுயின் மாத்திரையும் பீரோவில் போடும் அந்துருண்டையும்கூட இவர்களுக்கு ஆகாதாம். இலங்கையில் குப்பைமேனி போட்ட கஞ்சியைக் குடித்தவர்களுக்கு இப்படியே ஆனதை அங்குள்ள டாக்டர்கள் 1996லேயே எழுதியிருக்கிறார்கள். முப்பது வருசத்துச் சேதி நம் ஊருக்கு வந்து சேரவில்லை, உன் வசிய வேர் மட்டும் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது.

பெரியத்தையோ, "ஆறு பிள்ளைகளை இதைக் கொடுத்துத்தானே வளர்த்தேன்" என்கிறாள். பொய்யில்லை. அந்த ஆறு பேருக்கும் குறை இல்லாமல் இருந்திருக்கும், எந்தப் பிள்ளைக்கு இருக்கிறது என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது? நம் பையனுக்கே இப்போது டெஸ்ட் எடுத்தால்கூடச் சரியாகத் தெரியாதாம், மூன்று மாதம் போகட்டும் என்கிறார்கள்.

உன் பேரனுக்கு அந்தச் சாற்றைக் கொடுத்துவிடாதே. மேலே பூசுவதைப் பற்றி, தாயத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசு, நான் குறுக்கே வரமாட்டேன். அந்த மெசேஜை மட்டும் அழித்துவிட்டு, சாறு கொடுக்காதீர்கள் என்று உன் குரலிலேயே இன்னொன்று போடு, நான் சொன்னால் எவன் கேட்கிறான். இன்றைக்கே போட்டுவிடு, கட்டையன் அதை மேலூர்ச் சொந்தங்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.