பதில் வரும் முன்னே ஒரு நன்றி

கர்த்தருக்குள் அன்பான உறவினர்களுக்கும், சபையாருக்கும், எங்கள் தெருவில் வாழும் நல்லுள்ளங்களுக்கும் காட்பாடியிலிருந்து நானும் என் கணவரும் எழுதும் நன்றி மடல் இது.

கேட்டது கிடைத்த பின்பு சாட்சி சொல்ல எழுந்து நிற்பதுதான் நம் சபையின் வழக்கம். பல ஆண்டுகள் காத்திருந்து பிள்ளை பெற்றவர்கள் கைக்குழந்தையோடு ஆலயத்தின் முன்னே வந்து நிற்கும்போது எல்லோருக்கும் கண் கலங்கும். நாங்களும் மனதார மகிழ்ந்து கலங்கியிருக்கிறோம். எங்களுக்குத் திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் கையில் குழந்தை இல்லை. ஆனாலும் உங்களுக்குப் பட்ட கடன் பெரிது என்பதாலும், பதில் வரும்வரை அதை வைத்திருப்பது நியாயமல்ல என்று என் கணவர் சொன்னதாலும் இன்றே எழுதுகிறேன்.

முதலில் என் அத்தைக்கு. "ஏதாவது விசேஷமா?" என்ற கேள்வி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோதெல்லாம் அதை என்னிடம் வரவிடாமல் தாமே வாங்கிக்கொண்டவர் அவர். என் நாத்தனாரின் வளைகாப்பில் யார் முதலில் வளையல் போடுவது என்று பெரியவர்கள் தங்களுக்குள் மெல்லப் பேசிக்கொண்டிருந்தபோது, நான் சமையலறையிலேயே நின்றுவிட்டேன். அத்தை உள்ளே வந்து என் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, "எங்கள் வீட்டு மூத்த மருமகள்தான் முதலில் போட வேண்டும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அன்று அந்தக் கூடத்தில் நிலவிய மௌனத்தை நான் மறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு அவர் அஞ்சவில்லை என்பதையும் மறக்கவில்லை.

மருத்துவத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. எனினும் எங்களைக் கடைசியாகப் பார்த்த மருத்துவர் அம்மையாருக்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. அதற்கு முன், ஒரு மையத்தில் நிச்சயம் குழந்தை பிறக்கும் என்று சொன்னதை நம்பி நகைகளை அடகு வைத்திருந்தோம். இந்த அம்மையார் எதையும் நிச்சயம் என்று சொல்லவில்லை. காரணம் ஆணிடத்திலும் இருக்கக்கூடும் என்று பொறுமையாக விளக்கி, முதல் நாளிலேயே இருவருக்கும் சேர்த்துப் பரிசோதனை எழுதினார். அதுவரை ஐந்து ஆண்டுகள் ஊசியும் மாத்திரையும் என் உடம்புக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்தன. உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தத் துன்பத்தை அனுபவிக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில் இருப்பதை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். எங்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனையோ இது என்று இரவில் என்னை நானே கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்த ஒரு வாக்கியம் பெரிய ஆறுதலாக இருந்தது. சோதனைக் குழாய் முறையில் இரண்டாம் முயற்சியும் தவறிய பிறகு, இதற்கு மேல் செய்வது உங்களுக்குப் பலனைவிடச் சுமையையே தரும், நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் அவரே. அதைச் சொல்லும்போது அவருடைய குரலும் உடைந்தது. வேண்டாம் என்று சொல்வதும் ஒரு வைத்தியம் என்று அன்று அறிந்தோம்.

அந்த முயற்சிக்குப் பணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும். இராணிப்பேட்டையில் என் கணவரோடு தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் நண்பர்கள், மாதச் சீட்டில் தங்கள் முறையை ஒருவர் பின் ஒருவராக விட்டுக்கொடுத்து, எங்களை முதலில் எடுக்க வைத்தார்கள். அவர்களில் ஒருவருக்கு அந்த மாதம் மகளின் கல்லூரிக் கட்டணம் இருந்தது என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்த நாள் மாலை ஆயரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கதவைத் திறந்த நான், வசனம் சொல்வார்கள், ஜெபிப்பார்கள் என்று நினைத்து அதற்கான தெம்புகூட இல்லாமல் நின்றேன். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை எடுத்து அரிந்து, புளி கரைத்துக் குழம்பு வைத்து, சோறு வடித்து, என்னை உட்கார வைத்துப் பரிமாறினார்கள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே அமர்ந்திருந்துவிட்டு, பாத்திரங்களைக் கழுவி வைத்துப் போய்விட்டார்கள். அவர்கள் அன்று எனக்காக ஜெபித்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது என் காதில் விழ வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றிரவு வேதத்தில், பிள்ளையில்லாமல் ஆலயத்தில் அழுது ஜெபித்த அன்னாளின் வரலாற்றை மீண்டும் வாசித்தேன். அன்னாளைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாம் அவளுக்கு மகன் சாமுவேல் பிறந்ததில்தான் போய் நின்றன. ஆனால் அன்று என் கண்ணில் பட்டது வேறு. அவள் எழுந்து போய் உணவருந்தினாள் என்றும், அதன் பிறகு அவள் முகம் துக்கமாக இருக்கவில்லை என்றும் வேதம் சொல்லும் இடத்தில் சாமுவேல் இல்லை. அவள் இன்னும் கருத்தரிக்கவும் இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம், முதலில் அவளைக் குடித்திருக்கிறாள் என்று தவறாக எண்ணிய ஒரு முதிய ஆசாரியர் பிறகு சொன்ன சமாதான வார்த்தை மட்டுமே. கர்த்தரின் திட்டத்தை நம்புவது என்றால் குழந்தை வரும் என்று நம்புவதுதான் என நான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் அவர் என்னைக் கைவிடவில்லை என்று நம்புவதே அது என்பதை, ஆயரம்மா பரிமாறிய சோறு வயிற்றில் இருக்க, அன்றிரவு விளங்கிக்கொண்டேன்.

வேலூரில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும், இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை ஓய்வுநாள் பள்ளியில் கேட்டிருப்போம். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், மிஷனெரி வாழ்க்கை தமக்கு வேண்டாம் என்றிருந்தவர். நோயுற்ற தாயாரைக் கவனிக்க 1890இல் திண்டிவனம் வந்திருந்தபோது, ஆண் மருத்துவரை அழைக்கும் வழக்கமில்லாத மூன்று வீடுகளின் பெண்கள் ஒரே இரவில் பிரசவத்தில் இறந்துபோனார்கள். அதன் பின் மருத்துவம் படித்து, 1900இல் வேலூருக்கு வந்து ஒரே ஒரு படுக்கையோடு பணியைத் தொடங்கினார். திருமணம் செய்துகொள்ளாத அவர் பெற்ற பிள்ளை ஒன்றும் இல்லை. சிறுமியாக இருந்தபோது இதை வெற்றிக் கதையாகக் கேட்டேன். இப்போது அந்த மூன்று பெண்களை நினைக்காமல் கேட்க முடிவதில்லை. அவர்களுடைய மரணத்தைத் தேவன் திட்டமிட்டார் என்று சொல்ல என் வாய் வராது. அந்த இரவையும் அவர் வீணாகப் போகவிடவில்லை என்று மட்டும் சொல்வேன். எங்கள் பதினோரு ஆண்டுகளைப் பற்றியும் என்னால் சொல்ல முடிவது அவ்வளவே. ஆகையால், "எல்லாம் நன்மைக்கே" என்று அவசரப்பட்டுச் சொல்லாமல் எங்களோடு அமைதியாக அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தனியாக நன்றி.

எதிர் வீட்டு பாயம்மாவுக்கும் இதில் இடம் உண்டு. ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம், நோன்பு திறக்கும் நேரத்தில் எனக்காகத் துஆ கேட்டதாகச் சொல்வார். அவர் பேரக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போவதில் ஒருநாளும் தயங்கியதில்லை. குழந்தையில்லாதவளின் கண் படும் என்று அஞ்சுகிறவர்கள் நடுவில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ.

இறுதியாக, நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற நம் சபை மூப்பர் ஐயாவுக்கு. தத்தெடுப்பது பற்றி நாங்கள் யோசித்தபோது, கிறிஸ்தவர்களுக்கு அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று பலர் சொன்னார்கள். ஐயா எங்களை உட்கார வைத்து விளக்கினார். 1956ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கானது. கிறிஸ்தவர்கள் நெடுங்காலம் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாவலர்களாக மட்டுமே இருக்க முடிந்தது. இன்று சிறார் நீதிச் சட்டம் எந்த மதத்தவரும் முறைப்படி பெற்றோராக வழி செய்கிறது. 2015இல் வந்த சட்டத்தின் நகலை எடுத்து, உரிய இடங்களில் பென்சிலால் கோடிட்டுக் கொடுத்தார். மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையப் பதிவையும் எங்களோடு அமர்ந்து நிரப்பினார். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரித்துச் சென்றுவிட்டார். இனி எங்கள் முறை எப்போது வரும் என்பது எங்களுக்குத் தெரியாது. காத்திருப்பு முன்போலத்தான், ஆனால் அதில் நாங்கள் தனியாக இல்லை.

வருகிற ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறோம். உறையின் மேல் காரணம் எழுதும் இடத்தில், இந்த மடலில் குறிப்பிடாமல் விட்ட உங்கள் எல்லோருடைய பெயர்களையும் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறோம். செயலாளர் ஐயா அவற்றை முழுவதுமாக வாசித்துவிட வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரியும் சகோதரனும்,
காட்பாடி.