கொலோனிலிருந்து வாப்பாவுக்கு

கொலோன்,
அக்டோபர் 8

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்கு மன்னியுங்கள். நம் முஹல்லாப் பள்ளிவாசலை ஒரு நாள் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்துவிடலாமா, ஜெர்மனியில் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். 3ஆம் தேதி முடிந்ததும் எழுதலாம் என்றிருந்தேன்.

அக்டோபர் 3 ஜெர்மனி ஒன்றான நாள், அரசு விடுமுறை. 1997 முதல் அன்றுதான் இங்கே பள்ளிவாசல்களைத் திறக்கிறார்கள். நாட்டின் நாளில் நாங்களும் உண்டு என்று சொல்லத்தான் அந்தத் தேதி. ஊரில் ஆகஸ்ட் 15 பொருந்தும். அது வெள்ளிக்கிழமையில் விழுந்தால் வேண்டாம், ஜும்ஆக் கூட்டத்தில் விருந்தாளியைக் கவனிக்க முடியாது. மதியம் 2 மணிக்கு அழையுங்கள். மாலை அஸர் தொழுகையைப் பின்னால் நாற்காலியில் இருந்து பார்க்கட்டும்.

ஒரு வழிகாட்டிக்கு 15 பேர் போதும். பேச்சு 10 நிமிடம், கேள்விக்கு 30 நிமிடம். பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். வரலாறு தெரிந்தவர் கையில் மைக் போனால் அரை மணி நேரமும் அவரே பேசிவிடுவார், வந்தவர் கேட்க நினைத்ததைக் கேட்காமலே செருப்பை மாட்டிக்கொள்வார். ஒரு கேள்விக்கு ஒருவரே பதில் சொல்லட்டும். இடையில் இன்னொருவர் திருத்தப் புகுந்தால் அது நமக்குள் மஸ்அலா என்று மார்க்கச் சட்ட விவாதமாகிவிடும். பெண்களுக்குப் பெண்களே பதில் சொல்ல வேண்டும். வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறவர்களுக்குத் துண்டுச் சீட்டும் ஒரு பெட்டியும் வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லி, கேட்டவர் பெயரோடு நோட்டில் குறித்து, ஆலிமிடம் கேட்டு அந்தப் பதிலை அவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள் வாப்பா.

வாசலில் முதியவர்கள் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற ஒரு பெஞ்சு வேண்டும். துப்பட்டாக்கள் கூடையில் இருக்கட்டும், யார் கையிலும் திணிக்க வேண்டாம். கைகுலுக்க ஒருவர் நீட்டிய கை அப்படியே நிற்பது இரண்டு பக்கமும் சங்கடம். அதனால் வரவேற்பவர் முந்திக்கொண்டு நெஞ்சில் கைவைத்து வணக்கம் சொல்லிவிடட்டும். மார்க்க அழைப்புத் துண்டறிக்கை அன்றைக்கு வேண்டவே வேண்டாம். நாம் அழைத்தது விருந்தாளியை.

100 பேருக்குத் தேநீர் என்றால் பால் 5 லிட்டர், தண்ணீர் 5 லிட்டர், தூள் கால் கிலோ, சர்க்கரை தனியாக. வட்டிலப்பத்தில் முட்டை இருப்பதைச் சீட்டில் எழுதி வையுங்கள். தெரியாமல் தின்ற சைவக்காரர் மறுபடி வரமாட்டார்.

நம் ஊர்ப் பெரிய பள்ளிவாசலின் கல்தூண்களைக் காட்டாமல் அனுப்பாதீர்கள். அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்றை விரித்து நீங்களே வாசியுங்கள். எழுத்து அரபு, காதில் விழுவது தமிழ் என்று அவர்களுக்குப் புரியும்போது அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கீழ்வீட்டு அம்மாளைப் பற்றி எழுதினேனே, ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் புட்டியைத் தொட்டியில் போட்டால் சத்தம் என்று கதவைத் தட்டுவாரே, அவர் இந்த வருஷமும் வந்தார். போன வருஷம் நான் கொடுத்த கிண்ணத்தில் ஆப்பிள் ஜாம் நிறைத்துத் திருப்பித் தந்தார். வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்று உம்மா சொல்வது நினைவுக்கு வந்தது.

வந்தவர்கள் இடத்துக்கு நாமும் ஒரு மாதத்துக்குள் போயாக வேண்டும். இங்கே அதற்கு வழிகாட்டியவர்கள் கிறிஸ்தவர்கள்தான். 1965 பிப்ரவரி 3, நோன்புப் பெருநாள். வேலைக்கு வந்திருந்த துருக்கியர் சில நூறு பேருக்குத் தொழ கொலோன் பேராலயத்தில் இடம் கொடுத்தார்கள். பின்னாளில் இங்கே எஹ்ரன்ஃபெல்ட் பகுதியில் எழுந்த பெரிய பள்ளிவாசலை வரைந்த பால் பேம், தகப்பனும் பாட்டனும் தேவாலயங்கள் கட்டிய குடும்பத்துப் பிள்ளை. அதனால் வீரபாண்டியன்பட்டணம் பங்குத்தந்தையை நீங்களே நேரில் போய் அழையுங்கள், ஆள் விடாதீர்கள்.

குளிர் தொடங்கிவிட்டது. வெப்பமூட்டியை ஓர் அறையில் மட்டும் போடுகிறேன், அதுவே தாராளம். 3ஆம் தேதி எல்லோரும் போனபின் மீந்த சோற்றைத் தனித்தனித் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். களறிக்கறியும் கத்திரிக்காய் மாங்காயும் வைத்த ஒரே சஹன் தட்டில் நீங்கள், காக்கா, நான், தகப்பனும் அண்ணன் தம்பியுமாக மூன்று பேரும் கைவைத்துச் சாப்பிட்டது ஞாபகம் வந்து, எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த மாதம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். வீட்டுப் பத்திரம் லாத்தா பெயரில் பதிவாகாமல் மாடி வேலையைத் தொடங்க வேண்டாம். கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்தால் காக்கா கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். லாத்தா மகளின் நிக்காஹ் தேதியை முடிவு செய்யுமுன் எனக்குச் சொல்லுங்கள், விடுமுறை கேட்க இரண்டு மாதமாவது வேண்டும். உம்மாவின் கண் ஆஸ்பத்திரிச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சொட்டு மருந்தை நிறுத்திவிட்டதாக லாத்தா சொன்னாள்.

வஸ்ஸலாம்,
உங்கள் இளைய மகன்