அம்மா அறைக்குக் கார்ப்பெட்

காட்பாடி

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. அம்மாவுக்குத் தையல் பிரித்தாயிற்று, வாக்கர் பிடித்துக்கொண்டு ஹால் வரை வருகிறார்கள். எங்கள் சின்னவள் ஊரிசு கல்லூரியில் எம்.எஸ்ஸி. சேர்ந்திருக்கிறாள்.

அம்மா அறைக்குச் சுவர் முதல் சுவர் வரை கார்ப்பெட் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம்டா. தனி விரிப்பாகப் போட்டால் அதன் ஓரம் வாக்கரில் மாட்டும், எனக்கு அதுதான் பயம். சுவர் வரை இழுத்துப் பொருத்திவிட்டால் நடைவழியில் மடங்கும் ஓரமே இருக்காது. ஆனால் அங்கே உன் வீட்டில் இருக்கிற புசுபுசு ரகம் வேண்டாம். கால் அமுங்கும், வாக்கர் நகராது. குட்டை இழையும், அடியில் மெல்லிய, கெட்டியான மெத்தையும் போதும்.

ஓர் ஆளைக் கூட்டிப்போய் அறையைக் காட்டினேன். தரை முழுக்கப் பசை தடவி ஒட்டிவிடலாம் என்றார். நான் ஒப்பவில்லை. அப்பா பக்கத்திலேயே நின்று பாலிஷ் போடவைத்த மொசைக் அது. பசை தடவினால் தரையும் போச்சு. சுவரோரம் மட்டும் முள்பட்டையை, அதாவது கூரான ஆணிமுனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பட்டையை, திருகாணியில் பிடித்து, கார்ப்பெட்டை இழுத்து மாட்டும் முறைதான் சரி. முள் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும், பட்டைக்கும் சுவருக்கும் நடுவே விளிம்பைச் செருகக் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். பிறகு எடுத்தாலும் ஓரத்துத் துளைகளை வெள்ளை சிமென்டால் அடைத்துக்கொள்ளலாம். அறை 11-க்கு 13 அடி. சுருள் 12 அடி அகலத்தில் வருவதால் நடுவில் ஒட்டுப்போட வேண்டியதில்லை.

அதற்கு முன் ஈரம் பார்க்க வேண்டும். கீழ்த்தளம் அல்லவா? பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் விட்டிருக்கிறேன். இந்த மழையிலும் அடியில் வியர்க்கவில்லை என்றால் நம்பலாம். வியர்த்தால் இந்த யோசனையையே விட்டுவிடு, பூஞ்சை வாடை அம்மாவுக்கு ஆகாது. சணல் சேர்ந்த எதுவும் வேண்டாம், நம் ஊர்க் கரையானுக்கு அது விருந்து.

குளியலறை வாசலில் இரண்டடி தரையை அப்படியே விடச் சொல்லியிருக்கிறேன். ஈரக்காலோடு வெளியே வருவார்கள். அந்த விளிம்பில் மட்டும் தட்டையான உலோகப்பட்டை வரும்.

வெள்ளைக்காரன் காலத்தில் வாலாஜாபேட்டையிலும் வேலூர் சிறையிலும் கம்பளம் நெய்தார்களே, அதையெல்லாம் சுருட்டி வெளியே கொண்டுபோய்த் தட்டலாம். இதைத் தூக்க முடியாது, மாப் போட்டுத் துடைக்கவும் கூடாது. நல்ல வாக்குவம் கிளீனர் ஒன்று வாங்கப் பணம் ஒதுக்கு. வேலைக்கு வரும் அக்காவுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். தூசு சேரவிட்டால் அம்மாவுக்கு இருமல் வந்துவிடும், இதில் மட்டும் கஞ்சம் பார்க்காதே.

பீரோவைக் காலிசெய்து நகர்த்த ஆள் இருக்கிறது. தரை உயர்வதால் கதவின் அடியை இழைக்க வேண்டும், ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். நிறத்தை நீ முடிவுபண்ணாதே. மாதிரித் துண்டுகளைக் கொண்டுபோய் அம்மாவையே கேட்கிறேன்.

அன்புடன்,
பாஸ்கர்